அனுமதியில்லா வீதியோர விளம்பரப் பலகையை அகற்றுவிப்பது எப்படி: கொழும்புவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் முனையில் ஒரு பலகை நின்றது. மார்பளவு உயரம். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிளெக்ஸ். உயர்தர மாணவர்களுக்கான வகுப்பு விளம்பரம். காற்றுக்குச் சாயாமல் இருக்க இரண்டு சீமெந்துக் கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். ஒழுங்கையால் வெளியேறும் ஓட்டோக்காரரின் கண் மட்டத்துக்கு நேரே அந்தப் பலகை. வலப்பக்கத்தால் வரும் பஸ் தெரிய வேண்டுமென்றால் அவர் முன்சில்லை முதலில் வீதிக்குள் விட்டாக வேண்டும்.

அங்கே இரண்டு தடவை பிரேக் அலறியது. மூன்றாம் முறை, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அயல்வீட்டு அம்மா பலகையைச் சுற்றிப்போக வீதியில் இறங்கினார். மோட்டார் சைக்கிள் ஒன்று அவருடைய சேலை முந்தானையை உரசிக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் ஒழுங்கைக்காரர் எல்லோரும் விழித்தோம். ஒருவர் பொலிசுக்குப் போன் பண்ணினார். ஒருவர் தெரிந்த அரசியல்வாதிக்கு வாட்ஸ்அப்பில் படம் போட்டார். நான் முகநூலில் எழுதினேன். ஆறு கிழமை போயும் பலகை நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நிலம் யாருடைய பொறுப்பு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட பிறகு ஒன்பது நாளில் பலகை போனது. அதன் பிறகு நானும் அயலவர்களும் பல பலகைகள், பெனர்களின் பின்னால் அலைந்திருக்கிறோம். அதில் கற்றதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில்: எதை எதிர்க்கிறோம் என்று பிரித்துப் பாருங்கள்

பொது வீதியிலிருந்து தெரியும்படி விளம்பரம் வைக்க உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. கொழும்பு மாநகர சபைக்கு அந்த அதிகாரம் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலிருந்தும் அதன் கீழான உபவிதிகளிலிருந்தும் வருகிறது. ஆகவே ஒரு பலகையைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி, இதற்கு அனுமதி இருக்கிறதா என்பதே. அழகாக இருக்கிறதா, எங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதற்கு இங்கே வேலையில்லை. பிடிக்காத பலகைக்கு அனுமதி இருக்கக்கூடும். எல்லோரும் பழகிப்போன பலகைக்கு அனுமதியே இல்லாமலும் இருக்கலாம்.

கொழும்பு வீதிகளில் நாம் காண்பவை பல வகை. நடைபாதையில் நிறுத்தும் இரும்புச் சட்டப் பலகைகள். மின்கம்பத்திலும் மரத்திலும் கம்பியால் கட்டிய அட்டைகள்: வீடு வாடகைக்கு, காணி விற்பனைக்கு, ஒரு மணித்தியாலத்தில் கடன், வெளிநாட்டு விசா. வீதிக்குக் குறுக்கே கட்டும் பெனர்கள். மதிலில் பசை தடவி ஒட்டும் டியூஷன் போஸ்டர்கள். கட்டட உச்சியிலும் சந்திகளிலும் எழும் பெரிய ஹோர்டிங்குகள். கடைசியாக அரசியல் கட்அவுட்டுகள்.

இவற்றில் நடைபாதைப் பலகையையும் சந்தியில் பார்வையை மறைப்பதையும் முதலில் எடுங்கள் என்பேன். அவற்றால் ஆளுக்குக் காயம் வரும். வெள்ளைப் பிரம்போடு நடப்பவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகும் தாய்க்கும் நடைபாதை என்பது சொகுசு இல்லை, வேறு வழியில்லாத பாதை.

மரண அறிவித்தலை விட்டுவிடுங்கள். நம் ஊரில் ஒருவர் காலமானால் சந்தியில் ஒரு பதாகை கட்டுவது வழக்கம். செத்தவீடு முடிந்து எட்டும் கழிந்த பிறகும் அது தொங்கினால், வீட்டாரிடம் மெதுவாகச் சொன்னால் தாங்களே அவிழ்ப்பார்கள். அதற்கு முறைப்பாடு எழுதுவது மனிதத்தன்மை ஆகாது.

நிலம் யாருடையது?

முழு வேலையும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதை விட்டு, அதன் கால் ஊன்றிய இடத்தைப் பாருங்கள்.

முதலில் சபை எல்லை. கொழும்பு என்று நாம் வாயால் சொல்வது வேறு, கொழும்பு மாநகர சபை எல்லை வேறு. வடக்கே களனி கங்கையைத் தாண்டினால் பேலியகொடை நகர சபை. தெற்கே வெள்ளவத்தை முடிந்து தெஹிவளைக் கால்வாயைக் கடந்தால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. கிழக்கே ராஜகிரியப் பக்கம் போனால் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை மாநகர சபை, கொலன்னாவைப் பக்கம் கொலன்னாவை நகர சபை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்கும் பெனருக்கு நகர மண்டபத்தில் கடிதம் கொடுத்தால் அது கோப்புக்குள் கிடந்து திரும்பி வரும், ஒரு மாதம் வீணாகும். சந்தேகமிருந்தால் அருகிலுள்ள கடைக்காரரிடம் சோலைவரி எந்தச் சபைக்குக் கட்டுகிறார் என்று கேளுங்கள். இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது வீதியின் வகை. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் பெரும்பாலும் மாநகர சபையின் பொறுப்பு. ஏ, பி என்று வகுத்த பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வரும். 2008 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் அவற்றுக்குரியது. காலி வீதி ஏ-2. கண்டி வீதி ஏ-1. இரத்தினபுரிப் பக்கம் போகும் ஹைலெவல் வீதி ஏ-4. காலி வீதி நடைபாதையில் நிற்கும் பலகைக்கு மாநகர சபைக்கு எழுதி, பிரதியை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு அனுப்புங்கள். இருவருக்கும் தெரியும் என்று இருவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

இவை இரண்டும் இல்லாத நிலங்களும் உண்டு. மரைன் டிரைவ் ஓரம் தண்டவாளத்தை ஒட்டிய காணி புகையிரதத் திணைக்களத்தினுடையதாக இருக்கலாம். கால்வாய்க் கரை என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தைக் கேளுங்கள். தனியார் வளவுக்குள்ளோ கட்டட உச்சியிலோ பெரிய இரும்புச் சட்டகம் எழும்பினால், மாநகர சபையோடு நகர அபிவிருத்தி அதிகார சபையும் சம்பந்தப்படும். அதன் தலைமையகம் பத்தரமுல்லை செத்சிரிபாயவில். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டப்படி, அபிவிருத்திப் பிரதேசம் என்று பிரகடனப்படுத்திய இடங்களில் அதன் அனுமதியில்லாமல் கட்டுமானம் எழுப்ப முடியாது.

எழுதுவதற்கு முன் ஒருமுறை பேசுங்கள்

சின்னக் கடைக்காரரின் பலகை என்றால் கடிதத்தில் தொடங்க வேண்டாம். காலையில் முதல் வியாபாரம் முடிந்த பிறகு போங்கள், கடை திறக்கும் நேரத்தில் வேண்டாம். நான் ஒரு பழக்கடை அண்ணையிடம் போய், “அண்ணை, இந்தப் பலகையை ஒருக்கா சுவரோட ஒட்டி வைக்கேலுமே? நேற்று ஒரு சின்னப்பிள்ளை றோட்டில இறங்கித்தான் போனது” என்றேன். அவர் முகம் சுருங்கியது. “இதைப் பார்த்துத்தானே தம்பி சனம் வருது” என்றார். நானும் விலகவில்லை. நடைபாதையில் நின்று பலகைக்கும் மதிலுக்கும் இடையில் எத்தனை அடி இருக்கிறது என்று அவர் கண்முன்னே அளந்து காட்டினேன். இரண்டு அடிகூட இல்லை. அவருடைய தாயார் கைத்தடியோடு நடப்பவர். பலகை அன்று பின்னேரம் உள்ளே போனது.

கொட்டாஞ்சேனையில் ஒரு நானாவும் இப்படித்தான், முதலில் கோபித்தார், மறுநாள் தானாகவே எடுத்துவிட்டார். சின்ன வியாபாரி தனக்கு எதிராக ஆள் சேர்கிறது என்று பயப்படுகிறார். தனியாகப் போய் மரியாதையாகக் கேட்டால் அந்தப் பயம் எழாது.

டியூஷன், விசா, கடன் விளம்பரங்களில் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதற்கு அழையுங்கள். ஆசிரியர் போஸ்டர் ஒட்டவும் பலகை வைக்கவும் ஆள் பிடித்துக் காசு கொடுத்திருப்பார், எங்கே வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. “சேர், உங்கள் வகுப்புப் பலகை இன்ன ஒழுங்கை முனையில் பஸ்ஸை மறைக்கிறது. மூன்று நாளுக்குள் எடுக்காவிட்டால் சபைக்கு எழுதுவோம்” என்று சொல்லி, திகதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஏச வேண்டாம். நீங்கள் பேசியதை அவர் பதிவு செய்து வைத்திருக்கவும் கூடும்.

பேச வேண்டாத இடமும் உண்டு. அரசியல்வாதியின் கட்அவுட், கட்டிக்கொண்டிருக்கும் ஆட்களே முரட்டுத்தனமாக நிற்கும் இரவுநேர பெனர், கந்துவட்டிக்காரர் போல் தெரியும் கடன் விளம்பரம். இவற்றுக்கு நேராகக் கடிதம்தான்.

ஆதாரம் சேர்ப்பது

கிட்டே போய் பலகையை மட்டும் எடுத்த படத்தால் பயனில்லை. அதிகாரி அதைப் பார்த்து எந்த இடம் என்று தேட வேண்டி வரும். நான்கு படம் எடுங்கள்.

ஒன்று, வீதியின் எதிர்ப்பக்கத்திலிருந்து. பலகையோடு பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையோ வீதிப் பெயரோ தெரிய வேண்டும். இரண்டு, நடைபாதையின் நீளவாக்கில், நடப்பவருக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று தெரியும்படி. தரையில் அளவு நாடாவை விரித்து வைத்தே எடுங்கள். மூன்று, பலகையின் கால் அல்லது கட்டிய கம்பி. மின்கம்பத்தில் இலக்கம் எழுதியிருந்தால் அதுவும் சேர. நான்கு, பார்வையை மறைப்பதாகச் சொன்னால், சாரதியின் இருக்கையிலிருந்து. எங்கள் ஒழுங்கை ஓட்டோக்காரரிடம் கேட்டு அவர் சீற்றில் இருந்தபடியே படம் எடுத்தோம். பிளெக்ஸில் சிரிக்கும் முகம் படம் முழுக்க நிறைந்திருந்தது, அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று, அதுதான் பஸ். எங்கள் கோப்பில் அந்தப் படம் பேசியது போல எந்த வார்த்தையும் பேசவில்லை.

ஒரே கோணத்தில் மூன்று வேறு நாட்களில் எடுங்கள். “நேற்றுத்தான் வைத்தார்கள், நாளை எடுத்துவிடுவார்கள்” என்ற பதிலுக்கு அது மறுமொழி. போனில் திகதியும் இடமும் பதிவாகும் வசதியைத் திறந்து வையுங்கள். பாடசாலைப் பிள்ளைகளின் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய சி.ஆர். கொப்பி போதும் குறிப்பு எழுத. இடம், அளவு, முதல் கண்ட நாள், யாரோடு பேசினீர்கள், என்ன சொன்னார்கள்.

கடிதம்

போனில் சொன்னது காற்றோடு போகும். ஒரு பக்கக் கடிதம் எழுதி, அதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அல்லது நேரில் கொண்டுபோய் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை விழுந்த அந்தப் பிரதிதான் பிறகு வரும் எல்லாப் படிக்கும் அத்திவாரம்.

தமிழிலேயே எழுதலாம். 1987 இன் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால் அது பேப்பரிலேயே கிடக்கும், ஆகவே நான் தமிழில்தான் எழுதுகிறேன். கூடவே விஷயத்தை ஐந்து வரியில் சிங்களத்தில் எழுதி இணைக்கிறேன். களத்துக்கு வரும் ஊழியர் கையில் அந்த ஐந்து வரி இருந்தால் வேலை அன்றே நடக்கும். அயலில் சிங்களம் நன்றாக எழுதும் ஒருவர் கட்டாயம் இருப்பார், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள்.

நாங்கள் பயன்படுத்தும் மாதிரி இது:

மாநகர ஆணையாளர்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07.

நடைபாதையில் நிற்கும் விளம்பரப் பலகையை அகற்றுதல்

வெள்ளவத்தை ........ ஒழுங்கை காலி வீதியுடன் சேரும் இடத்தில், கடற்பக்க நடைபாதையில், ........ கடைக்கு முன்னால் விளம்பரப் பலகை ஒன்று ........ ஆம் திகதி முதல் நிற்கின்றது. அதன் உயரம் 4 அடி, அகலம் 3 அடி. நடைபாதையில் நடப்பதற்கு மிஞ்சியுள்ள இடம் 1 அடி 10 அங்குலம். ஒழுங்கையால் வெளியேறும் வாகனச் சாரதிகளுக்கு வலப்பக்கத்தால் வரும் வாகனங்களை இப்பலகை மறைக்கின்றது. ........, ........, ........ ஆகிய திகதிகளில் எடுத்த படங்களை இணைத்துள்ளேன்.

இப்பலகைக்குச் சபையின் அனுமதி உள்ளதா எனப் பார்த்து, இல்லையாயின் அகற்றும்படியும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் எனக்கு அறியத்தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

பிரதி: வீதி அபிவிருத்தி அதிகார சபை, பொறுப்பதிகாரி, பொலிஸ் நிலையம், வட்டார உறுப்பினர்.

கவனித்தீர்களா, இதில் “சட்டவிரோதமான” என்ற சொல்லே இல்லை. அது சட்டவிரோதமா என்று சொல்வது சபையின் வேலை. நீங்கள் முன்கூட்டியே குற்றம் சாட்டிவிட்டு, அனுமதி இருந்தது என்று பிறகு தெரிந்தால் உங்கள் அடுத்த பத்துக் கடிதத்துக்கும் மதிப்புக் குறையும். அளவும் திகதியும் இடமும் மட்டும் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம்.

ஒரு கடிதத்தில் ஒரு பலகை. இருபது இடங்களை ஒரே பட்டியலாகக் கொடுத்தோம் ஒருமுறை, அது யாருடைய மேசையிலும் தங்கவில்லை. பிரித்துக் கொடுத்தபோது ஒவ்வொன்றாக அசைந்தது. கையெழுத்து ஐந்து பேருடையது இருந்தால் போதும், ஆனால் அந்த ஐந்து பேரும் அந்த இடத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்: தகவலுக்கான உரிமைச் சட்டம்

மூன்று கிழமை பாருங்கள். சத்தம் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். இது 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயருக்கு எழுதுங்கள். எழுத முடியாத முதியவர் வாயால் கேட்டாலும் அந்த அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தின் பலம் கேள்வியின் கூர்மையில் இருக்கிறது. “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது, விளக்கம் கேட்பதாகிவிடும். இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்:

இன்ன இடத்திலுள்ள இன்ன அளவான விளம்பரத்துக்கு வழங்கிய அனுமதிப்பத்திரத்தின் பிரதி. அதற்கு அறவிட்ட கட்டணத்தின் பற்றுச்சீட்டுப் பிரதி. அனுமதி முடியும் திகதி. ........ ஆம் திகதி நான் கையளித்த கடிதத்தின் மீது கோப்பில் எழுதிய குறிப்புகளின் பிரதி.

இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கடிதம் எந்த மேசையில் நிற்கிறது என்பது அதில் தெரியும். அனுமதி கொடுக்கவில்லை என்றால் “அவ்வாறான அனுமதி வழங்கப்படவில்லை” என்று எழுத்தில் வரும். அந்த ஒரு வரி வந்துவிட்டால் பலகைக்கு அதன்பின் ஆயுள் இல்லை.

தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பெருந்தொகை ஆவணம் என்றால் மேலும் 21 நாள் வரை நீட்டிக்கலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. எல்லாத் திகதியையும் கலண்டரில் குறியுங்கள். நல்ல கோரிக்கைகள் பலவும் மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிட்டதால்தான் செத்துப்போகின்றன.

காத்திருக்கக் கூடாத நேரம்

பலகையின் இரும்புச் சட்டகம் சரிந்து வீதிக்குள் தலை நீட்டினால், மின்கம்பியில் கட்டுக்கம்பி தொட்டால், சமிக்ஞை விளக்கை பெனர் மறைத்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 119 க்கு அழையுங்கள். மின்சாரம் சம்பந்தப்பட்டதென்றால் மின்தடைக்கு அழைக்கும் அதே 1987. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மழை நேரத்தில் ஈரமான இரும்புச் சட்டத்தை யாரும் தொடக் கூடாது.

உங்கள் கையால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

உங்கள் சொந்த மதிலில் அனுமதியின்றி ஒட்டிய போஸ்டரைத் தாராளமாகக் கிழிக்கலாம். காய்ந்த பசையைச் சுரண்டினால் மதில் பெயின்ற் போகும். இரவில் பழைய துணியை நனைத்து அதன்மேல் ஒட்டிவிட்டுக் காலையில் பார்த்தால் மா பசை இளகியிருக்கும், ஓலை போல உரிந்து வரும்.

மற்றதெல்லாம் வேண்டாம். நடைபாதைப் பலகையைத் தூக்கி எறிந்தால் அதன் பெறுமதிக்கு உங்கள் மேல் முறைப்பாடு வரலாம். பலகை ஒழுங்கீனமானது என்பது உங்களுக்கு அதை உடைக்க அனுமதி தராது. கம்பத்தில் ஏறவே கூடாது. இளைஞர்கள் ஆர்வத்தில் ஏணியோடு வருவார்கள், அவர்களைத் தடுப்பது மூத்தவர்களின் கடமை.

பிளெக்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பி.வி.சி. பூசிய துணி. எரித்தால் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சினும் கிளம்பும், மூச்சுத் திணறும். அவிழ்த்த பிளெக்ஸை மடித்து மூலையில் போட்டாலோ கூரையில் தளர விரித்தாலோ மடிப்பில் மழைநீர் தேங்கும். கொழும்பில் அது நேராக டெங்கு. தொங்கும் பெனரின் அடிமடிப்பில்கூட நீர் நிற்பதைக் கண்டிருக்கிறேன், புழுக்கள் நெளிந்தன. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் நுளம்பு பெருகும்படி இடத்தை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அப்படியொன்றைக் கண்டால் உங்கள் பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்குச் சொல்லுங்கள். விளம்பரம் என்று போகாத கால்கள் டெங்கு என்றால் நடக்கும்.

தேர்தல் காலம்

வேட்புமனு நாளிலிருந்து வாக்கெடுப்புக்கு மறுநாள் வரை வீதியிலும் பொது இடத்திலும் போஸ்டர், பதாகை காட்சிப்படுத்துவதை 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் தடுக்கிறது. இந்தக் காலத்தில் முறைப்பாடு போக வேண்டிய இடம் பொலிசும் ராஜகிரியவிலுள்ள தேர்தல்கள் ஆணைக்குழுவும். ஒவ்வொரு தேர்தலுக்கும் முறைப்பாட்டு நிலையங்கள் திறப்பார்கள். ஒரே கட்சியின் போஸ்டரை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் வீதியில் இருக்கும் எல்லாக் கட்சியினுடையதையும் ஒரே நாளில் படம் எடுத்து ஒன்றாக அனுப்புங்கள். உங்கள் ஒழுங்கை எந்தக் கட்சியின் பக்கமும் இல்லை என்று தெரிந்தால்தான் அதிகாரி துணிந்து இறங்குவார்.

இன்னும் மேலே போவதென்றால்

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவு, பொது வழியை மறிக்கும் தடையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை இட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. பொலிஸ் அறிக்கையின் மேலோ வேறு தகவலின் மேலோ அவர் இயங்கலாம். ஒரு சட்டத்தரணியின் உதவியோடு போங்கள். உங்கள் கோப்பில் அளவு நாடாப் படமும் முத்திரை விழுந்த கடிதமும் தகவல் அலுவலரின் பதிலும் இருந்தால் அவர் வேலை பாதி முடிந்தது. அதிகாரிகள் தம் கடமையைச் செய்யவில்லை என்பது உங்கள் குறையானால் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். கடமையைச் செய்யும்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கும் வழியும் இருக்கிறது, ஆனால் அது செலவு. பாடசாலை வாசலை மறைக்கும் பெரிய ஹோர்டிங் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை போன பிறகு

அன்றே வெறும் இடத்தைப் படம் எடுங்கள், அதே கோணத்தில். சபைக்கு இரண்டு வரியில் நன்றி எழுதுங்கள். அகற்றிய ஊழியருக்கு ஏச்சு மட்டும்தான் கேட்டுப் பழக்கம். அந்த இரண்டு வரியை அவர்கள் கோப்பில் வைத்திருப்பார்கள், அடுத்த கடிதம் வேகமாக நடக்கும்.

புதிய பெனர் வெள்ளிக்கிழமை இரவில்தான் ஏறும். அலுவலகம் திறக்கத் திங்களாகும். போயா சேர்ந்த நீண்ட விடுமுறை என்றால் நான்கு நாள் லாபம். ஆகவே எங்கள் ஒழுங்கையில் முறை வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை பால் வாங்கப் போகும் ஒருவர் முனையிலிருந்து முனைக்கு நடந்து பார்ப்பார். புதிதாக ஏதாவது இருந்தால் நான்கு படமும் அன்றே எடுத்துவிடுவார், கடிதம் ஞாயிறு எழுதப்படும், திங்கள் காலை ஒன்பது மணிக்கு நகர மண்டபத்தில் இருக்கும். இந்தக் கிழமை முறை மூன்றாம் வீட்டு அக்காவினுடையது. அளவு நாடா இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.